கிழக்கு மூலையில் புதியவர்

சென்னியப்பன் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எல்லையைத் தள்ளிப் போடச் சொன்னார். அதுவும் மண்ணில் இல்லை, காற்றில்.

முப்பத்திரண்டு வருடம் நில அளவைத் துறையில் சர்வேயர். சங்கிலி இழுத்துத் தொடங்கி, சாட்டிலைட்டைப் பார்த்து அளந்து ஓய்வு பெற்றவர். பொள்ளாச்சிப் பக்கம் பங்காளிச் சண்டை என்றால் இரண்டு தரப்பும் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். இரண்டையும் குடித்துவிட்டு, கல் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் நடுவார். "அரையடி அக்கட்ட தள்ளுங்க சார்" என்று கெஞ்சியவர்கள் எத்தனையோ பேர். ஒரு விரற்கடை கூட அவர் தள்ளியதில்லை.

அப்பேர்ப்பட்டவரைக் கவிழ்த்தது ஒரு செம்பருத்திச் செடி.

வடவள்ளியில் அவர் கட்டிய வீட்டின் கிழக்கு மூலையில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நின்றது அது. அடுக்குச் செம்பருத்தி. மாலையில் மொட்டுகளை எண்ணி வைப்பார். பதினொன்று. காலையில் எழுந்து வந்து பார்த்தால் இரண்டு இருக்கும். தெருப்பக்கம் சாய்ந்த கிளைகள் மொட்டையாக இருக்கும்.

இந்த நேரத்தில்தான் வீட்டுக்கு அந்தப் புது வைஃபை பெட்டி வந்தது. பூவுக்காக வாங்கியதல்ல. அவர் மனைவி வசந்தமணிக்காக வாங்கியது. வசந்தமணி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். கொய்யா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பில் இருபது பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார். சமையலறைக் கதவைத் தாண்டினால் வீட்டு வைஃபை மூச்சு வாங்கும். பாதி முக்கோணத்தில் படம் உறைந்து நின்றுவிடும். பிள்ளைகள் அதுதான் சாக்கென்று எழுந்து ஓடிவிடும்.

பெட்டியைப் பொருத்த வந்த பெண்ணின் பெயர் ரெஹானா. முப்பது வயதிருக்கும். ஏணியை அவளே சாய்த்து, அவளே ஏறி, கொல்லைப்புறச் சுவரில் தேங்காய் அளவுள்ள ஒரு வெள்ளைப் பெட்டியைத் திருகினாள்.

"இது சாதாரண பெட்டி இல்லீங்க சார்" என்றாள் இறங்கிவந்து. "பழைய மிஷின் சிக்னலை அனுப்பறதோட சரி. இது, அனுப்பினது எதுல பட்டுத் திரும்பி வருதுன்னும் படிக்கும். தோட்டத்துல இலை சிக்னலைத் தின்னும், தண்ணி தின்னும், மனுசங்க ஒடம்பும் தின்னும். யாரு எங்க நிக்கறாங்கன்னு தெரிஞ்சாத்தான அவங்களைச் சுத்திக்கிட்டு அம்மாவோட லேப்டாப்புக்குப் போக முடியும்?"

"யாரு நிக்கறாங்கன்னு தெரியுமா?" சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நடைய வெச்சுக் கண்டுபிடிச்சிடும். ரேகை மாதிரிதான், ஒருத்தர் நடை இன்னொருத்தருக்கு வராது. அசையாம நின்னாக் கூட நெஞ்சு துடிக்கிறது, மூச்சு வாங்கறது எல்லாம் தெரியும்."

"அப்ப தெருவுல போறவங்க நெஞ்சையும் எண்ணுமா?" என்று கேட்டார் வசந்தமணி.

"அதுக்குத்தான் சட்டம் இருக்குங்கம்மா. சிக்னல் தெருவுக்குப் போகும், தடுக்க முடியாது. ஆனா ஆளைப் படிக்கிறது காம்பவுண்டுச் சுவரோட நின்னுடணும். ஆரம்பத்துல அப்படி இல்லை. பீளமேட்டுல ஒரு கூத்து நடந்துச்சு. பொண்ணு வீட்டுக்குப் பக்கத்து வீடு மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தம். அவங்க மாடியில உக்காந்துக்கிட்டே ரெண்டு மாசம் பொண்ணோட மூச்சை எண்ணியிருக்காங்க. இழுப்பு இருக்குன்னு கல்யாணத்தை நிறுத்திட்டாங்க. அந்தப் பொண்ணு இன்னும் வெளிய வந்து நிக்கறதில்லையாம். அதுக்கப்பறம்தான் சட்டம் வந்துச்சு. இப்ப எல்லையைத் தாண்டிப் படிச்சா அபராதம், இணைப்பு ரத்து, அப்பறம் குடியிருப்போர் சங்க நோட்டீஸ் போர்டுல பேரு."

"நல்ல சட்டம்" என்றார் சென்னியப்பன். எல்லை என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு மரியாதை வந்துவிடும்.

ரெஹானா அவரைத் தோட்டத்தில் பத்து முறை நடக்கவிட்டு நடையைப் பதிவு செய்தாள். குதிகால் வலிக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த எம்.சி.ஆர். செருப்பு அவர் காலில் எப்போதும் இருக்கும். வீட்டுக்குள்ளும் அதோடுதான் நடப்பார். சரக் சரக்கென்று நடந்தார். வசந்தமணியும் நடந்தார்.

"வீட்டு ஆளுங்க நெஞ்சுத் துடிப்பையும் போனுக்கு அனுப்பட்டுங்களா?"

"எனக்கா?" சிரித்தார் சென்னியப்பன். "மலையெல்லாம் சங்கிலி இழுத்த ஒடம்பு அம்மிணி இது. அதெல்லாம் வேண்டாம், நிறுத்தி வை."

"சரிங்க சார். முன்பின் தெரியாதவங்க காம்பவுண்டுக்குள்ள வந்தா மட்டும் எல்லா விவரமும் வரும். அது பாதுகாப்புக்கு. அதை நிறுத்த முடியாது."

வசந்தமணி உள்ளே போனார். சென்னியப்பன் தாமே காப்பி கலந்து எடுத்துவந்து ரெஹானாவிடம் நீட்டினார். அவர் காப்பி கலந்து யாரும் பார்த்ததில்லை.

"அம்மிணி... அந்தக் கிழக்கு மூலையில மட்டும், ஒரு ரெண்டடி, தெருப்பக்கமாத் தள்ளிப் போட முடியுமா?"

சொல்லி முடித்ததும் காது சுட்டது. வாழ்நாள் முழுக்க அவர் கேட்டு வெறுத்த வாக்கியம் அவர் வாயிலிருந்தே வந்திருந்தது.

ரெஹானா காப்பியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். செம்பருத்தியைப் பார்த்தாள். ஏணியில் ஏறி, பெட்டியின் அடியில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது.

"ஆச்சுங்க சார். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

வசந்தமணியின் வகுப்பு அன்று மாலையிலிருந்தே கொய்யா மரத்தடியில் ஜோராக நடந்தது. ஆனால் செம்பருத்தி விஷயத்தில் பெட்டி வாயே திறக்கவில்லை. இரண்டு நாள் பூ போயிற்று, போனில் ஒரு செய்தியும் இல்லை. மிஷினை நம்பினால் ஆகாது என்று மூன்றாம் நாள் சென்னியப்பனே களத்தில் இறங்கினார்.

விடிகாலை ஐந்து நாற்பது. செருப்புச் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும் என்று வெறுங்காலோடு, குதிகால் வலிக்க, பூனை மாதிரி அடிமேல் அடி வைத்துப் போய்ச் செம்பருத்திக்குப் பின்னால் பதுங்கினார். போன் கட்டிலிலேயே கிடந்தது.

ஐந்து நாற்பத்திரண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் காலடி ஓசை. ஒரு குடைக் கைப்பிடி மேலே எழும்பி, கிளையை வளைத்து இழுத்தது. இலைகளின் சந்தில் பார்த்தார். அறுபது வயதுப் பெண்மணி. கண்டாங்கிச் சேலை, காலில் ஷூ, கையில் மஞ்சள் பை.

"ஒண்ணே ஒண்ணு, கோவிச்சுக்காத" என்று செடியிடம் சொன்னபடியே அந்தம்மா ஏழு பூ பறித்தார்.

பாய்ந்து எழுந்து 'யாரது' என்று அதட்ட வேண்டும் என்றுதான் வந்திருந்தார். ஆனால் குரல் வரவில்லை. நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது. திருடியது அந்தம்மா. நடுங்கியது இவர்.

உள்ளே வந்து போனை எடுத்தார். செய்தி வந்திருந்தது.

'கிழக்கு மூலையில், செம்பருத்தி அருகே, புதியவர் ஒருவர். நேரம் 5.42. இதயத் துடிப்பு சீராக இல்லை. மருத்துவரை அணுகுவது நல்லது.'

"அப்பாடா, மிஷின் வேலை செய்யுது" என்றுதான் முதலில் தோன்றியது. கடைசி இரண்டு வரியை அப்புறம்தான் படித்தார்.

மறுநாளும் பதுங்கினார். மறுநாளும் அதே செய்தி. அதற்கடுத்த நாளும் வந்தது. இந்த முறை சிவப்பு எழுத்தில்: 'தாமதிக்க வேண்டாம்.'

அன்று காலை இட்லி அவருக்கு இறங்கவில்லை. வசந்தமணி தட்டைப் பார்த்தார், புருஷன் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங், என்ன திருட்டு முழி முழிக்கறீங்க?"

எல்லாவற்றையும் கொட்டினார். காப்பி கொடுத்தது, இரண்டடி தள்ளியது, புதருக்குள் பதுங்கியது எல்லாவற்றையும். வசந்தமணி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்தம்மாகிட்டச் சொல்லணும்" என்றார் கடைசியில்.

"எப்படிச் சொல்றது? தெருவுல நின்ன பொம்பளையோட நெஞ்சை எண்ணினேன்னு சொல்றதா? புகார் குடுத்தா இணைப்பு போயிடும், உன் கிளாஸ் நின்னுடும். போர்டுல பேரு எழுதுவாங்க. 'சர்வேயர் சென்னியப்பன் எல்லையைத் தாண்டினார்'. முப்பத்திரண்டு வருசம் வசந்தா! ஒரு கல்லு..."

"தெரியும். ஒரு கல்லு நகரல. நானும் முப்பத்திரண்டு வருசமாக் கேக்கறேன்" என்றார் வசந்தமணி. "அந்தம்மா நாளைக்கு வராமப் போயிட்டா, உங்க பேரைக் கொண்டுபோய் எங்க வெப்பீங்க?"

சென்னியப்பன் தட்டைத் தள்ளி வைத்தார். மறுநாள் காலை புதருக்குப் பின்னால் போகவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து, தெருவிலேயே போய் நின்றார்.

அந்தம்மா குடையோடு வந்தார். இவரைப் பார்த்ததும் குடையை விரித்துவிட்டார், மழையே இல்லாமல்.

"பூவுக்காக வரலீங்க" என்றார் சென்னியப்பன் அவசரமாக. "வேற ஒண்ணு சொல்லணும்."

சொன்னார். சொல்லச் சொல்ல அந்தம்மாவின் முகம் மாறியது. முதலில் வெட்கம். அப்புறம் திகைப்பு. கடைசியில் கோபம்.

"என்னைக் கேக்காம என் நெஞ்சை எண்ணுனீங்களா?"

"ஆமாங்க. தப்புத்தான். நீங்க எங்க வேணும்னாலும் புகார் குடுங்க. ஆனா அதுக்கு முன்னால ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. மிஷின் மூணு நாளாச் சொல்லுது."

அந்தம்மா மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "என் பேரு புனிதவதி. டவுன் பஸ்ஸுல முப்பது வருசம் கண்டக்டர். கூட்டத்துல நின்னுக்கிட்டே உக்கடத்துக்கும் வடவள்ளிக்கும் அலைஞ்சவ. எனக்கு நெஞ்சு வலின்னு ஒரு நாள் லீவு போட்டதில்லை, தெரியுமுங்களா?"

"போயிட்டு வாங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் பூத் திருடி. நீங்க நாடி திருடர்" என்றார் புனிதவதி குடையை மடக்கியபடி. "சரிக்குச் சரி. புகார் குடுக்கல. ஆனா ஆஸ்பத்திரியில ஒண்ணும் இல்லைன்னு சொல்லட்டும், அப்பறம் இருக்குது உங்களுக்கு."

மறுநாள் ஒன்பது மணிக்கு, வசந்தமணி மரத்தடியில் வகுப்பை முடிக்கிற நேரத்தில், கேட்டருகே ஒரு விசில் சத்தம் கேட்டது. ரிடயர் ஆகியும் அந்தம்மா விசிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. கையில் நீளக் காகிதம் ஒன்றை ஆட்டியபடி புனிதவதி உள்ளே வந்தார்.

"பாருங்க சார், ஈசிஜி. மேடு பள்ளம் எல்லாம் கோலம் போட்ட மாதிரி இருக்கு. டாக்டர் என்ன சொன்னாரு தெரியுங்களா? இன்னும் முப்பது வருசம் டிக்கெட் கிழிக்கலாமாம். ஒரு நாள் பூராவும் என்னைக் கதிகலங்க வெச்சுட்டீங்களே!"

சென்னியப்பனுக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது. உடனே ரெஹானாவைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன அம்மிணி மிஷின் மாட்டியிருக்கே? கல்லு மாதிரி இருக்கறவங்களை நோயாளிங்குது!"

ரெஹானா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "சார், அவங்க சுவருக்கு வெளிய நின்னாங்களா, உள்ளயா?" என்றாள்.

"வெளியதான். நீதானே ரெண்டடி தள்ளிப் போட்டே?"



"மன்னிச்சுக்கோங்க சார். நான் தள்ளவே இல்லை."

"என்னது?"

"எல்லாரும் கேப்பாங்க சார். எதிர்வீட்டு வாசல் வரைக்கும், மாடி வரைக்கும்னு. முடியாதுன்னா மூஞ்சி சுண்டிப் போயிடும், எம் மேல கம்ப்ளைண்ட் எழுதுவாங்க. அதனால அந்த விளக்குப் பொத்தானை ஒருக்கா அமுக்குவேன். அணைஞ்சு எரியும். அவங்களுக்குத் திருப்தி. எல்லைக்குக் கம்பெனியிலேயே சீல் வெச்சுத்தான் அனுப்பறாங்க. யாரு நெனச்சாலும் ஒரு இஞ்சு நகராது."

சென்னியப்பன் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. கல் நகரவில்லை! அவர் கேட்டதென்னவோ உண்மை. ஆனால் கல் நகரவில்லை!

"பாத்தியா வசந்தா" என்று திரும்பினார்.

வசந்தமணி சிரிக்கவில்லை. கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். கணக்குக்கு விடை தெரிந்துவிட்ட டீச்சரின் முகம்.

"முதல் ரெண்டு நாளு இவங்க வந்தாங்க, பூ போச்சு, செய்தி வரலை. சரிங்களா?"

"சரி."

"நீங்க பதுங்கின நாள்லயிருந்துதான் வந்துச்சு. அங்க நின்னது மொத்தம் ரெண்டு பேரு. சுவருக்கு வெளிய ஒருத்தர், உள்ள ஒருத்தர். மிஷின் எண்ணினது ஒருத்தரை. வெளிய இருக்கறவங்களை அதால எண்ண முடியாது. மீதி யாருங்க?"

"நான் புதியவர் இல்லையே! எனக்குத்தான் நடை பதிஞ்சு..." சென்னியப்பன் குனிந்து காலைப் பார்த்தார். எம்.சி.ஆர். செருப்பு.

"செருப்புப் போட்டு நடந்தாத்தான் அதுக்கு நீங்க" என்றாள் ரெஹானா போனில், குரல் தாழ்ந்து. "வெறுங்கால்ல பதுங்கி நடந்தா அது வேற ஆளுன்னுதான் நெனைக்கும். நீங்க கட்டில்லயே படுத்திருக்கறதாத்தான் கணக்கு வெச்சிருக்கும்."

கொய்யா மரத்தில் ஒரு அணில் கத்திக்கொண்டிருந்தது. சென்னியப்பன் மெதுவாகத் தம் கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். மலையெல்லாம் சங்கிலி இழுத்த நெஞ்சு. ஒரு அடி, இரண்டு அடி, நடுவில் ஒன்றைக் காணோம், பிறகு அவசர அவசரமாக மூன்று. கிழவர்கள் படியேறுகிற மாதிரி.

விடையைக் கண்டுபிடிக்கும்வரை தெளிவாக இருந்த வசந்தமணி, இப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் விழித்துக்கொண்டது கண்டக்டர்தான்.

"என்ன எல்லாரும் நின்னுக்கிட்டிருக்கீங்க? அக்கா, நீங்க அவரோட பழைய ரிப்போர்ட் ஏதாச்சும் இருந்தா எடுங்க. சார், சட்டையை மாட்டுங்க. நான் ஆட்டோ பிடிக்கறேன். சீக்கிரம், சீக்கிரம், வழியில நிக்காதீங்க, உள்ள போங்க!"

ஆட்டோவில் நடுவில் அவரை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள்.

"இது என்னமோ என்னைக் கைது பண்ணிக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்குது" என்றார் அவர்.

"பின்னே? நாடி திருடரு தன் நாடியையே திருடியிருக்காரு" என்றார் புனிதவதி. வசந்தமணி அழுதுகொண்டே சிரித்துவிட்டார்.

டாக்டர் அவருடைய ஈசிஜியை வெகு நேரம் பார்த்தார். தாளம் தவறின நெஞ்சு என்று விளக்கினார். வலி இருக்காது, ஆளுக்குத் தெரியாது. ஆனால் உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டினால், அந்தக் கட்டி மூளைக்குப் போகும். "எப்படிக் கண்டுபிடிச்சு வந்தீங்க?" என்று கேட்டார்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பூத் திருடப் போன இடத்துலங்க" என்றார் புனிதவதி.

இரண்டு வாரத்தில் மாத்திரை தாளத்தைச் சீராக்கியது. சென்னியப்பன் ஓய்வாக நாற்காலியில் சாய்ந்திருந்த ஒரு மாலையில், நலம் விசாரிக்க வந்த புனிதவதியிடம் சொன்னார்: "இனிமே நீங்க கேட்டைத் திறந்து உள்ள வந்தே பறிச்சுக்கங்க. எவ்வளவு வேணும்னாலும்."

புனிதவதி பதறிவிட்டார். "அய்யோ, அது மட்டும் வேண்டாங்க சார்! முப்பது வருசம் டிக்கெட் இல்லாம ஏறினவங்களைப் பிடிச்சு எறக்கி விட்டவ நான். டிக்கெட் இல்லாமப் போனா எப்படித்தான் இருக்கும்னு ரிடயர் ஆனப்பறம்தான் பாக்கறேன். காலங்காத்தால அந்த ஒரு சந்தோசத்தைக் கெடுத்துடாதீங்க."

"அப்ப என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

"நீங்க எப்பவும் போலப் பதுங்குங்க. பிடிக்கத்தான் கூடாது."

வசந்தமணி போனைக் கொண்டுவந்து நீட்டினார். பெட்டி இன்னமும் கேட்டுக்கொண்டிருந்தது: 'கிழக்கு மூலையில் வரும் புதியவருக்குப் பெயர் இடவும்.'

"உங்க வெறுங்கால் நடைக்கும் உங்க பேரையே போட்டு விட்டுடட்டுங்களா?"

"வேண்டாம்" என்றார் சென்னியப்பன். "பேரு போட்டா வீட்டு ஆளாயிடுவேன். வீட்டு ஆளு நெஞ்சைச் சொல்ல வேண்டாம்னு நான்தானே நிறுத்தி வெச்சேன்?"

"அதை மாத்தி வைக்க ஒரு நிமிசம் ஆகாதுங்."

"இருக்கட்டும் வசந்தா. என்னைத் தெரிஞ்ச மிஷின் எனக்கு மரியாதை குடுத்துட்டுப் பேசாம இருந்துடுச்சு. தெரியாதவன்னு நெனச்சப்பத்தான் உண்மையைச் சொல்லுச்சு."

மறுநாள் காலை மணி ஐந்து நாற்பது. செருப்பைக் கட்டிலடியில் கழற்றி வைத்துவிட்டு, அடிமேல் அடி வைத்துப் போய்ச் செம்பருத்திக்குப் பின்னால் நின்றார். மொட்டு பதினான்கு. சுவருக்கு அந்தப் பக்கம் ஷூ ஓசை வந்து நின்றது. குடைக் கைப்பிடி எழும்பிக் கிளையை வளைத்தது.

"ஒண்ணே ஒண்ணு, கோவிச்சுக்காத" என்றது குரல், செடிக்குக் கேட்பதற்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

சென்னியப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒன்பது பூ போயிற்று.

உள்ளே, கட்டிலில் கிடந்த போனை வசந்தமணி அதற்குள் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'கிழக்கு மூலையில், செம்பருத்தி அருகே, புதியவர் ஒருவர். நேரம் 5.42. இதயத் துடிப்பு சீராக உள்ளது.'